நான் விரும்பிய விளையாட்டுகளும் வீண்புகழ் பெற்ற விளையாட்டுகளும்



முதலில் ஓர் ஒப்புதல். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திவரும் நான், முப்பத்தைந்து ஆண்டுகளாக வீடியோ கேம் ஆடி வருகிறேன். பள்ளியில் இதனை எவரிடமும் சொன்னதில்லை. ஆசிரியர் என்றால் நூல் வாசிப்பார், நாளிதழ் படிப்பார், மாலையில் பூப்பந்து ஆடுவார் என்றுதான் பெற்றோர் எண்ணுகின்றனர். அந்த எண்ணத்தைக் கலைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அத்துணிவின்மையால் ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்துவிட்டேன் என்பதால்தான் இன்று எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நாளில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை வந்திருந்தார். லோரி ஓட்டுநர். பினாங்கிலிருந்து ஜொகூர் வரை போய்வருபவர். மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் கழிப்பவர். மதிப்பெண் அட்டையை அவர் பார்க்கவே இல்லை. நெகிழிப் பையிலிருந்து கைப்பேசி ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். திரை சிலந்தி வலைபோல் நொறுங்கிக் கிடந்தது. அவரே உடைத்தது.

“சார், நான் இந்த கேம் எல்லாம் ஆடுனதில்ல. எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்குத் தெரியல. நீங்க படிச்சவங்க. சொல்லுங்க சார்,” என்றார்.

பக்கத்தில் மகன் தலைகுனிந்து நின்றான். என்னால் அவருக்கு அரைமணி நேரம் விளக்கமாகச் சொல்லியிருக்க முடியும். ஆனால் நான் சொன்னது ஒரே வரி: “எல்லாமே நேரத்தைக் கெடுப்பவை. முழுவதுமாக நிறுத்திவிடுங்கள்.”

அந்த நொடியில் மாணவன் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏனெனில், அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான், ஓய்வுவேளையில் அவன் தன் நண்பர்களிடம் மைன்கிராஃப்ட் விளையாட்டில் தானே திறக்கும் கதவு அமைப்பது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே சென்ற நான் அவன் கூறியதில் இருந்த பிழை ஒன்றைத் திருத்தியிருந்தேன். நான் ஆடுபவன் என்பது அவனுக்குத் தெரியும். நான் பொய் சொல்கிறேன் என்பதும் தெரிந்துவிட்டது.

அன்று அந்தத் தந்தைக்குச் சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன். எந்த விளையாட்டுகளை ஏன் விரும்பினேன், எவை தம் தகுதிக்கு மீறிப் புகழப்படுகின்றன என்று ஒரு பழைய ஆட்டக்காரனாகவும் ஓர் ஆசிரியனாகவும் எண்ணிப் பார்த்தவை இவை.

நான் விரும்பியவை

1. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985)

1990ஆம் ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. சுங்கைப் பட்டாணிக்கு அருகில் ஒரு பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தோம். கிராணியார் வீட்டில் மட்டுமே ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்ற கருவி இருந்தது. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டரைப் பார்த்துச் செய்த மலிவுக் கருவிகளுள் அதுவும் ஒன்று. பத்துப் பதினைந்து பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருப்போம். ஓர் உயிர் போனால் கைப்பிடியை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். இதுவே சட்டம்.

ஆசிரியரான பின்னர்தான் அந்த விளையாட்டின் முதல் கட்டம் எவ்வளவு சிறந்த பாடத்திட்டம் என்பதை உணர்ந்தேன். அங்கே விளக்கவுரை இல்லை. திரையின் இடப்புறம் நாம் நிற்கிறோம். வலப்புறம் வெறுமையாக உள்ளது. எனவே வலப்பக்கம் நடக்கிறோம். ஓர் எதிரி மெல்ல நடந்து வருகிறது. சும்மா நின்றால் உயிர் போகும், குதித்தால் பிழைக்கலாம். மேலே கேள்விக்குறி இட்ட பெட்டி. அதை முட்டினால் காளான் வெளிப்படுகிறது. அந்தக் காளான் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. அதைத் தவிர்ப்பது கடினம். தொட்டவுடன் உருவம் பெரிதாகிறது. ‘இது நல்லது’ என்று எவரும் சொல்லாமலேயே பிள்ளை கற்றுக்கொள்கிறது. இதனை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ இவற்றையெல்லாம் திட்டமிட்டே அமைத்ததாகப் பின்னாளில் விளக்கியுள்ளார்.

நாம் நாள் பாடத்திட்டத்தில் ‘பீடிகை’ என்று எழுதி ஐந்து நிமிடம் ஒதுக்குகிறோம் அல்லவா? பீடிகை என்றால் இதுதான். சொல்லிக் கொடுக்காமல், கண்டுபிடிக்க வைப்பது!

2. டெட்ரிஸ் (1984)

மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் உருவாக்கியது. ஒவ்வொன்றும் நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள். மேலிருந்து விழுபவற்றை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். விளையாட்டின் முழு விதியும் இவ்வளவுதான். 1990களில் பாசார் மாலாமில் விற்ற கையடக்கக் கருவிகள் வழியாக அது எங்கள் தோட்டத்திற்கும் வந்து சேர்ந்தது. இருள் கவிந்த லயத்து வாசலில் அந்தச் சிறு கருவியின் ‘கீக் கீக்’ ஒலி இன்றும் காதில் உள்ளது.

டெட்ரிஸை வெல்ல முடியாது. எப்படியும் ஒரு நாள் அடுக்கு மேலே முட்டும், நாம் தோற்போம். ஆயினும் தோல்விக்கு வேறு எவரையும் பழி சொல்ல இயலாது. எந்தக் கட்டையைத் தவறாக வைத்தோம் என்பது கண்ணெதிரே தெரிகிறது. தன் பிழையைத் தானே காணும் பழக்கத்தை இதைவிட எளிமையாகப் பயிற்றுவிக்கும் கருவியை நான் அறியேன். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் 13 வயதுச் சிறுவன் ஒருவன் நிண்டெண்டோ கருவியில் 157ஆம் நிலை வரை ஆடி, விளையாட்டு மேற்கொண்டு இயங்காமல் உறைந்துபோகும் இடத்தை எட்டினான். மனிதரால் முடியாது என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட ஒன்று அது. அவன் எதையும் விலைகொடுத்து வாங்கி அங்குச் செல்லவில்லை. பயிற்சி செய்து சென்றான்.

3. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999)

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த நாள்களில் இணைய மையத்தில் மணிக்கு 2 ரிங்கிட் கொடுத்து நண்பர்களோடு ஆடியது. விறகு வெட்ட எத்தனை பேர், வயலுக்கு எத்தனை பேர், போருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டுக் கணக்கிட்டே வெல்ல வேண்டும். அவசரக்காரனுக்கு இவ்விளையாட்டில் இடமில்லை.

இவ்விளையாட்டுக்கு 2016இல் மலாய் நாகரிகம் சேர்க்கப்பட்டது. 2022இல் வந்த விரிவாக்கத்தில் திராவிடர் நாகரிகம் சேர்ந்தது. சுருள்வாள் வீரர்களும் ‘திரிசடை’ என்னும் பெருங்கப்பலும் அதில் உண்டு. இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை ஒரு தொடராகவே ஆடலாம். நாற்பது வயதைக் கடந்த நான், ஒரு வீரனைச் சொடுக்கியதும் தமிழ்க்குரல் கேட்டு, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தேன்.

நான் வாழ்வது கெடா மாநிலம். 1025ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திரனின் கடற்படை தாக்கிய கடாரம் இந்த மண்தான். இந்தச் செய்தியை வகுப்பில் சொன்னபோது மாணவர்களின் கண்கள் விரிந்தன. அதே வேளையில் ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, அப்படியென்றால் இங்கே இருந்தவர்களுக்கு அது கெட்ட நாள்தானே?” எத்துணை நல்ல கேள்வி! ஒரே விளையாட்டில் அன்று சோழர் பக்கமும் இன்று மலாய் நாகரிகத்தின் பக்கமும் நின்று ஆடும் பிள்ளைக்கு, வெற்றி என்பது எந்தக் கரையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று விளங்கும். பல இனத்தவர் சேர்ந்து வாழும் நாட்டில் இது சிறிய பாடம் அன்று.

4. மைன்கிராஃப்ட் (2011)

2023இல் 30 கோடிப் படிகளைத் தாண்டி விற்ற விளையாட்டு. எல்லாரும் புகழ்வதால் ஐயத்தோடுதான் தொடங்கினேன். ஐயம் தவறு என்று ஒரு வாரத்தில் தெரிந்தது. மரத்தை வெட்டிப் பலகையாக்கி, பலகையைக் கருவியாக்கி, கருவியால் கல்லை உடைத்து, இரவு வருமுன் ஒரு குடிலை எழுப்ப வேண்டும். ‘ரெட்ஸ்டோன்’ என்னும் செம்பொடியைக் கம்பிபோல் இழுத்துக் கதவையும் விளக்கையும் இயக்கலாம். கணினியின் அடிப்படைத் தருக்கத்தையே அதனால் அமைத்துக் காட்டலாம்.

சுற்றளவையும் பரப்பளவையும் எப்போதும் குழப்பிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், தன் மைன்கிராஃப்ட் வீட்டுக்கு வேலி போடுவதும் தரை பாவுவதும் வெவ்வேறு கணக்கு என்று தானே கண்டுபிடித்து வந்து சொன்னான். எனது பயிற்றுத்தாள்கள் செய்யாததை ஒரு வேலி செய்தது.

5. வெண்பா (2023)

இதனை ஆசிரியர்களும் பெற்றோர்களும் கட்டாயம் ஆட வேண்டும் என்பேன். கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவின் படைப்பு. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் தமிழ்த்தாய், கணவர் பாவலன், மகன் கவின். தாயின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயுள்ளது. இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொன்றையும் விடுபட்ட குறிப்புகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதே ஒரு புதிர்! இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். 2024இல் பிரித்தானிய பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

புதிர்கள் எளியவை. ஆனால் வளர வளர வீட்டுச் சாப்பாட்டையும் வீட்டு மொழியையும் விலக்கும் கவினை நான் அறிவேன். ஆண்டுதோறும் அவன் என் வகுப்பிலிருந்து ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறுகிறான். படிவம் 1இல் தமிழ் எடுக்காமல் விடுகிறான். கடைத்தெருவில் என்னைக் கண்டால் வேறு மொழியில் நலம் கேட்கிறான். அவன் மீது சினம் கொண்டிருந்த நான், இந்த விளையாட்டை ஆடி முடித்த இரவில் அவனுக்காக வருந்தினேன்.

வீண்புகழ் பெற்றவை

இனி, பலர் முகம் சுளிக்கக்கூடிய பகுதி. இவை எல்லாம் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. பெற்ற புகழ் தகுதியைவிட மிகுதி என்கிறேன்.

1. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 (2013)

20 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. நகரத்தைச் செதுக்கிய உழைப்பை மறுக்க முடியாது. ஆனால் ‘எதையும் செய்யலாம்’ என்னும் புகழ் பெற்ற அந்த விடுதலை எங்கே? கதைப்பகுதியில் பெரும்பாலும் வரைபடத்தில் தெரியும் கோட்டைப் பின்தொடர்ந்து ஓட்டுகிறோம். சுடச் சொன்னால் சுடுகிறோம். சற்று விலகினால் ‘தோல்வி’ என்று திரை சொல்கிறது. பெரிய உலகம் வேறு, பெரிய விளையாட்டு வேறு. தமிழில் பருத்த நூலெல்லாம் சிறந்த நூலாகிவிடுவதில்லையே!

மற்றொன்று. இது வளர்ந்தோருக்கானது, ஐரோப்பியத் தர அடையாளப்படி 18 வயது. ஆயினும் என் நான்காம் ஆண்டு மாணவர்கள் இதன் கதைமாந்தரைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். அட்டையில் உள்ள அந்த எண்ணைப் பெற்றோர் அலங்காரம் என்று எண்ணுகிறார்களோ?

2. கெஞ்சின் இம்பேக்ட் (2020)

அழகில் குறை சொல்ல இயலாது. இசையும் நிலக்காட்சிகளும் உயர்தரமானவை. ஆனால் அதன் இதயத்தில் இருப்பது குலுக்கல் சீட்டு. ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் பொம்மை உருண்டை விழும் எந்திரத்திலிருந்து வந்த ‘காச்சா’ என்னும் முறை அது. ஐந்து நட்சத்திரக் கதைமாந்தர் கிடைக்க, ஓர் இழுப்புக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90 இழுப்புக்குள் ஒன்று உறுதி என்கின்றனர்.

ஆறாம் ஆண்டு மாணவருக்கு இக்கணக்கைச் செய்து காட்டுங்கள்: ஆயிரம் சீட்டில் ஆறு. பத்து முறை இழுத்தால், நூறு பேரில் ஏறத்தாழ 94 பேருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் கிடைத்த ஆறு பேரின் காணொளியைத்தான் பிள்ளைகள் பார்க்கின்றனர். ஜப்பானில் இத்தகைய குலுக்கலின் ஒரு வகை 2012இல் சட்டத்திற்குப் புறம்பானதாக அறிவிக்கப்பட்டது. பெல்ஜியம் நாட்டில் 2018இல், பணம் கொடுத்துத் திறக்கும் புதிர்ப்பெட்டிகள் சில சூதாட்டமே என்று அதன் சூதாட்ட ஆணையம் முடிவு செய்தது. வயல்வெளியும் வானமும் எவ்வளவு அழகாக இருந்தாலும், சீட்டு சீட்டுதான்.

3. மொபைல் லெஜெண்ட்ஸ் (2016)

இங்குத்தான் சில வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள்! ஐவருக்கு ஐவர் மோதும் இந்த ஆட்டம் குழுப்பணியை வளர்க்கிறது, அதை ஒப்புகிறேன். இதன் முதல் உலகப் போட்டி 2019இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. அதே ஆண்டு பிலிப்பீன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமாகவும் இடம்பெற்றது. 2024இல் ரியாத்தில் நடந்த அனைத்துலகப் போட்டியில் நம் நாட்டின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி வாகை சூடியது. பெருமைதான்.

நான் மறுப்பது ‘இதுவே என் எதிர்காலம்’ என்னும் மயக்கத்தை. காற்பந்து ஆடும் பிள்ளைகள் எல்லாரும் தேசிய அணிக்குப் போவதில்லை. ஆயினும் திடலில் ஓடிய கால்களாவது வலுப்பெறுகின்றன. இங்கே தேறாதவனுக்கு மிஞ்சுவது வண்ண உடைகள் நிறைந்த ஒரு கணக்கும், தோற்ற ஒவ்வோர் இரவும் தோழனைத் திட்டிப் பழகிய நாவும்தான். என் மாணவர் சிலரின் வாயில் வரும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடியபோது, பாதி அந்தக் குரல் அரட்டையிலிருந்து வந்திருந்தன.

பெற்றோர்க்கு ஒரு சிறு குறிப்பு: இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடம் ஆகும். “உடனே வை!” என்றால் பிள்ளை நான்கு தோழர்களைக் கைவிட வேண்டியிருக்கும், அதனால்தான் அந்தக் கூச்சல். “இந்த ஆட்டத்தோடு நிறுத்து” என்று சொல்லிப் பாருங்கள். பாதிச் சண்டை குறையும்.

4. ‘கல்வி விளையாட்டுகள்’

ஆசிரிய நண்பர்கள் பொறுத்தருள்க. என் பார்வையில் எல்லாவற்றிலும் மிகையாகப் புகழப்படுபவை இவையே. வினாவுக்கு நான்கு விடைகள், ஓடும் கடிகாரம், துள்ளல் இசை, முதல் மூவருக்குப் பதக்கம். இதை விளையாட்டு என்கிறோம். உண்மையில் இது தேர்வுத்தாள். பொட்டு வைத்துப் பூச்சூட்டிய தேர்வுத்தாள்.

நானும் இதனை வகுப்பில் பயன்படுத்தினேன். கண்காணிப்பின்போது பாராட்டும் பெற்றேன். பின்னர்ச் சிந்தனை மீட்சி எழுத அமர்ந்தபோது ஒன்று உறைத்தது. வென்றவர்கள் எப்போதும் அதே மூவர். விரைந்து விடையளிப்பவர்க்கே புள்ளி. நின்று எண்ணுபவர்க்குத் தண்டனை. லகர ளகர ழகர வேறுபாட்டை மெல்ல ஒலித்துப் பார்த்து விடை காணும் பிள்ளை, ஒலித்து முடிக்குமுன் கடிகாரம் முடிந்துவிடுகிறது. மாரியோ அந்தப் பிள்ளையை ஒருபோதும் அவ்வாறு அவமதித்ததில்லை. குழியில் விழுந்தால், ‘மீண்டும் வா’ என்றது, அவ்வளவே.

மூன்று கேள்விகள்

மேலே நான் விரும்பியவற்றையும் விரும்பாதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு மூன்று கேள்விகள் கிடைத்தன. விளையாடத் தெரியாத பெற்றோரும் இவற்றைக் கேட்கலாம்.

ஒன்று: தோற்றால் அந்த விளையாட்டு என்ன சொல்கிறது? ‘மீண்டும் முயன்று பார்’ என்கிறதா, ‘பணம் கொடு’ என்கிறதா?

இரண்டு: அது பிள்ளையைப் போக விடுகிறதா? ‘இன்று வராவிட்டால் பரிசு போய்விடும்’ என்று நாள்தோறும் அழைக்கும் விளையாட்டு, நண்பன் அன்று; கடன்காரன்.

மூன்று: ஆடி முடித்தபின் சொல்வதற்குப் பிள்ளையிடம் ஏதேனும் உள்ளதா? வேலி போட்டதை, கடாரம் போனதை, இட்லி வெந்ததைச் சொல்ல முடிகிறதா? அல்லது ‘ஒன்றுமில்லை’ என்பதுதான் விடையா?

மணிக்கணக்கை மட்டும் எண்ணுவது போதாது. சீனா 2021இல் 18 வயதுக்குட்பட்டோர் இணைய விளையாட்டு ஆடுவதை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் ஒரு மணி நேரம் என்று வரையறுத்தது. ஆனால் அந்த ஒரு மணியில் டெட்ரிஸ் ஆடுவதும் சீட்டு இழுப்பதும் ஒன்றாகுமா? அதேபோல, ஆடும் பிள்ளைகள் எல்லாரையும் ‘அடிமை’ என்று அழைப்பதையும் விட்டுவிடுவோம். உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு நோயைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து அது 2022இல் நடப்புக்கு வந்தது உண்மையே. ஆனால் கட்டுப்பாடு இழந்து, பிற கடமைகள் எல்லாம் சிதைந்து, பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தால்தான் அப்பெயர். வீட்டுப்பாடம் செய்ய மறந்த பிள்ளைக்கு அப்பெயரைச் சூட்டுவது, தும்மியவனைக் காசநோயாளி என்பது போன்றது.

அந்தத் தந்தையும் நானும்

நான் ‘எல்லாவற்றையும் நிறுத்துங்கள்’ என்று சொன்ன பின் நடந்தது என்ன தெரியுமா? தந்தை நிறுத்தினார். மகன் பக்கத்து வீட்டு அண்ணனின் கைப்பேசியில் ஆடினான். சில மாதங்கள் கழித்தே முழுச் செய்தியும் எனக்குத் தெரிய வந்தது. கைப்பேசி உடைந்ததற்குக் காரணம் விளையாட்டு அன்று. தாயின் மின்பணப்பையிலிருந்து 340 ரிங்கிட் மறைந்ததுதான். எல்லாம் குலுக்கல் சீட்டுக்குப் போயிருந்தது. எனது ஒற்றை வரி, சீட்டையும் கதவு அமைத்த மைன்கிராஃப்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. பையன் கற்றுக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். அவனைச் சுரண்டியதை நிறுத்தவில்லை. அதோடு, என்னிடம் ஏதும் சொல்லும் பழக்கத்தையும் அவன் நிறுத்திக்கொண்டான்.

பள்ளி விடுமுறையில் தந்தையை ஓர் உணவகத்தில் சந்தித்து உண்மையைச் சொன்னேன். தே தாரிக் ஆறும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களும் ஆடுவீங்களா சார்?”

“ஒன்பது வயதிலிருந்து.”

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அப்படின்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார். நான் அவன் கைல இருந்து புடுங்கி உடைச்சிட்டேனே,” என்றார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

அதன்பின் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தவை எளியவைதாம். தாயின் கைப்பேசியில் கடவுச்சொல் இன்றிப் பணம் செலுத்த முடியாதவாறு மாற்றினோம். குலுக்கல் உள்ள விளையாட்டுகளை நீக்கினோம். ஏன் நீக்குகிறோம் என்பதைப் பையனிடமே அந்த 0.6 விழுக்காட்டுக் கணக்கைப் போடச் சொல்லி விளக்கினோம். மைன்கிராஃப்ட் திரும்பி வந்தது. லோரி ஊர் திரும்பும் வாரங்களில் தந்தையும் அருகில் அமர்கிறார். அவருக்கு இன்னும் நடக்கவே வரவில்லையாம். மகன் சொல்லிக் கொடுக்கிறானாம்.

பையன் என்னிடம் முன்போல் பேசுகிறானா என்றால், இல்லை. நம்பிக்கை என்பது மீண்டும் தொடங்கு என்று ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடுவது அன்று. ஆனால் சென்ற வாரம், வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் கதவோரம் நின்று, “ஐயா, நீங்கள் இப்போது எதை ஆடுகிறீர்கள்?” என்று கேட்டான். உண்மையான விடையைச் சொன்னேன்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! நம் பிள்ளைகள் நாம் காணாத ஓர் உலகில் நாள்தோறும் சில மணி நேரம் வாழ்கின்றனர். அங்கே கோயிலும் உண்டு, கள்ளுக்கடையும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது எளிது. கூடவே நடந்து, இது இது, அது அது என்று காட்டுவதுதான் கடினம். அந்தக் கடினமான வேலைக்குத்தானே நம்மை ஆசிரியர் என்றும் பெற்றோர் என்றும் அழைக்கின்றனர்?

சிந்திப்போம்.